மேட்டூர் முதல் கடைமடை வரை: காவிரிப் படுகை பற்றி வாசகர் கேட்டவை

காவிரிப் படுகை பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்டவற்றை இணைத்துவிட்டோம். ஊர்ப் பெயர் மட்டும் இருக்கும்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 12, ஜூன் 12 என்கிறார்களே. அந்தத் தேதிக்கு என்ன மகிமை? மேட்டூரைப் பதினைந்து நாள் தள்ளித் திறந்தால் என்ன கெட்டுவிடும்?
– வாசகர், ஈரோடு

மகிமை எல்லாம் கழித்தல் கணக்கில்தான். வடகிழக்குப் பருவமழை ஏறக்குறைய அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். அதற்குள் முதல் போகத்துக் குறுகிய கால நெல்லான குறுவை களத்துக்கு வந்துவிட வேண்டும். ஆடுதுறை 36, ஆடுதுறை 43, கோ 51, அம்பை 16 போன்ற குறுவை ரகங்கள் 105 முதல் 115 நாள் பயிர். மேட்டூரில் ஜூன் 12 திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று, நான்கு நாள். அங்கிருந்து வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, பாசனத்தின் கடைசி முனையான கடைமடைக்குப் போக இன்னும் பத்து நாளுக்குக் குறையாது. ஜூன் கடைசியில் நாற்றங்கால் விட்டால் அக்டோபர் நடுவில் அறுப்பு. இந்தக் கணக்கில் மிச்சம் இருப்பது ஒரு வாரம்கூட இல்லை. பதினைந்து நாள் தள்ளினால் கதிர் முற்றி நிற்கும்போது மழை பிடித்துக்கொள்ளும். நெல் சாயும், கதிரிலேயே முளைக்கும், அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் என்று நிறுத்துவார்கள்.

கேடு குறுவையோடு நிற்பதில்லை. குறுவை அறுத்த வயலில்தான் இரண்டாம் போக நெல்லான தாளடி நட வேண்டும். அது நவம்பருக்குத் தள்ளிப்போனால் மார்ச்சில்தான் விளையும். மேட்டூரை மூடும் வழக்கமான நாள் ஜனவரி 28. பால் பிடிக்கும் நேரத்தில் வாய்க்கால் வறண்டு கிடக்கும். அதன் பின்னால் வரும் உளுந்துக்கு ஈரமும் இராது, தை மாதப் பனியும் இராது. ஜூனில் தவறிய பதினைந்து நாள் மூன்று பயிரைக் கடிக்கிறது.

2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அணை உரிய நாளில் திறக்கப்படவில்லை. 2016இல் செப்டம்பர் 20, 2017இல் அக்டோபர் 2. அந்த ஆண்டுகளிலும் குறுவை நடந்ததாகப் புள்ளிவிவரம் வந்ததே என்று கேட்பீர்கள். நடந்தது, ஆழ்துளைக் கிணறு உள்ளவர்களுக்கு. கும்பகோணம், பாபநாசம், மன்னார்குடிப் பக்கம் நிலத்தடி நீர் நல்லது, விவசாய மின்சாரம் இலவசம், மோட்டார் போட்டு நட்டுவிடுவார்கள். தலைஞாயிறு, கீழையூர், வேதாரண்யம் பக்கம் துளை போட்டால் உப்பு. அங்கே ஆற்றுநீர் வந்தால்தான் பயிர். 'டெல்டா' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம்; தலைமடைக்கும் கடைமடைக்கும் இருப்பது இரண்டு வேறு விவசாயம்.

தேதி மட்டும் போதாது என்பதற்கு 2023 சாட்சி. ஜூன் 12 அன்றே திறந்தார்கள். மேலிருந்து வரத்து இல்லாமல் அக்டோபர் 10இல் மூடினார்கள். நீண்ட கால நெல்லான சம்பா தவித்தது. அணையின் முழு உயரம் 120 அடி. 90 அடிக்கு மேல் நீர் இருந்தால் ஜூனில் திறக்கலாம் என்பது பழைய வழக்கு. தேதியையும் அடியையும் சேர்த்துப் பார்த்துத்தான் நாற்றங்காலுக்கு விதை ஊறவைக்க வேண்டும்.

செய்தியில் டி.எம்.சி., கன அடி என்று மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். ஒரு டி.எம்.சி. தண்ணீரில் எத்தனை ஏக்கர் விளையும்?
– வாசகர், விழுப்புரம்

ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகவே '10,000 கன அடி திறப்பு' என்று படித்தால் நாளைக்கு 0.86 டி.எம்.சி. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லுக்கு நடவு முதல் அறுப்பு வரை ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் தண்ணீர், அதாவது வயலில் நான்கு அடி உயரம் நிற்கிற அளவு வேண்டும். ஒரு டி.எம்.சி.யை ஓர் அடி உயரத்துக்குப் பரப்பினால் 23,000 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. நான்கால் வகுத்தால் 5,700 ஏக்கர் சொச்சம். இது வயல் வாசலில் அளந்த கணக்கு. ஆற்று மணலும் வாய்க்கால் கரையும் வெயிலும் குடிப்பதைக் கழிக்க வேண்டும். நூற்றுக்கு நாற்பது போயிற்று என்றால் 3,400 ஏக்கர்தான். சம்பாவுக்கு மழை கைகொடுப்பதால் அதே நீர் கூடுதல் பரப்புக்கு வரும்.

மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை 230 நாள். விநாடிக்கு 10,000 கன அடி திறந்தால், வரத்தே இல்லாவிட்டால், நிரம்பிய அணையும் மூன்றரை மாதத்தில் காலி. அணை நிரம்பியதும் பட்டாசு வெடிக்கலாம். ஆனால் பாதி வழிக்கான தண்ணீர்தான் அது. அதனால்தான் மாதவாரி வரத்துக்கு இத்தனை வழக்கு. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16இல் தந்த தீர்ப்பின்படி, மாநில எல்லையில் நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் கர்நாடகத்திலிருந்து ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. வர வேண்டும். காவிரி நடுவர் மன்றம் 2007இல் சொன்னது 192. மாதவாரியில் ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76. குறுவைக்கு நாற்றங்கால் விடும் ஜூன் மாதப் பங்கு எவ்வளவு சிறியது என்று பாருங்கள். ஜூன் திறப்பு போன ஆண்டு மிச்சம் வைத்த தண்ணீரில் நடப்பது.

கல்லணையைக் கரிகாலன் கட்டினான் என்கிறார்கள். இல்லை, இப்போது இருப்பது ஆங்கிலேயர் கட்டியது என்று ஒரு நண்பர் வாதிடுகிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், திருவெறும்பூர்

இரண்டு பேரும் வேறு வேறு அணையைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று தோன்றுகிறது. முதலில் இடத்தைப் பார்ப்போம்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடம் நேரான, சரிவு கூடிய ஆறு. தண்ணீர் அந்தப் பக்கம் ஓடத்தான் விரும்பும். காவிரியோ மேட்டில் ஓடும், வண்டல் படியும், படியப் படிய இன்னும் மேடாகும். தீவு முடியும் இடத்தில் காவிரியும் கொள்ளிடமும் மறுபடி நெருங்குகின்றன. அங்கே காவிரி நீர் உடைத்துக்கொண்டு கொள்ளிடத்தில் விழாமல் தடுக்கப் போட்ட கல் தடுப்புதான் கல்லணை. தண்ணீரைத் தேக்க அல்ல, திருப்பிவிட. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பழைய அணை ஏறக்குறைய 1,080 அடி நீளம், 40 முதல் 60 அடி அகலம், 15 முதல் 18 அடி உயரம். நேராக இல்லாமல் வளைந்து கிடக்கிறது. சுண்ணாம்புச் சாந்து இல்லை. ஆற்று மணலில் பெரிய கற்களைப் போட்டால் நீரோட்டத்தின் அரிப்பில் அவை தாமே அடியில் இறங்கி ஓரிடத்தில் நிலைக்கும். அதன் மேல் அடுத்த அடுக்கு, இடையில் களிமண். அடித்தளம் தோண்டாமல் மணலில் கட்டும் இந்த வித்தையை ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இங்கே கவனித்துக் கற்றுக்கொண்டு, பின்னாளில் கோதாவரியில் தவுளேசுவரம் அணைக்கட்டில் கையாண்டார்.

கரிகாலன் பெயரோடு அணையைச் சேர்ப்பது வலுவான மரபு. ஏழாம் நூற்றாண்டுத் தெலுங்குச் சோழர்களின் மாலேபாடு செப்பேடு, காவிரியின் பெருக்கைத் தடுத்தவன் என்று கரிகாலனைச் சொல்கிறது. பிற்காலத் திருவாலங்காட்டுச் செப்பேடு அவன் காவிரிக்குக் கரை கண்டதைச் சொல்கிறது. இரண்டிலும் பேச்சு பெருக்கையும் கரையையும் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் ஆற்றுக்குக் கரை போட்டவர்கள் இந்த இடத்தில் தடுப்புப் போடாமல் இருந்திருக்க முடியாது என்பது எங்கள் எண்ணம். கரை போட்டும் பயன் இராதே!

ஆங்கிலேயர் செய்தது என்ன? 1804இல் கால்டுவெல் என்ற பொறியாளர் பழைய அணையின் மேல் 27 அங்குலம் உயர்த்தினார். அது போதவில்லை. காட்டன் நோயை மேலே கண்டுபிடித்தார்: தண்ணீர் முக்கொம்பிலேயே கொள்ளிடத்துக்குப் போய்விடுகிறது. 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும், கும்பகோணத்துக்கு வடக்கே அணைக்கரையில் கீழணையும் கட்டினார். கொள்ளிடத்தில் போகிற மிச்ச நீரைக் கீழணை பிடித்து, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கும் அனுப்புகிறது. மேலணை கட்டிய பிறகு காவிரிக்கு அளவுக்கு மீறித் தண்ணீர் வந்து கரை உடையும் அச்சம் எழுந்தது. அதைக் கட்டுப்படுத்தப் படுக்கை அணை, பிறகு கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கதவுகள் என்று அந்த நூற்றாண்டு முழுக்க வேலை நடந்தது. நீங்கள் பேருந்தில் போகும்போது பார்க்கும் கதவு வைத்த பாலங்கள் ஆங்கிலேயர் காலத்தவை. பழைய கல்லணை அவற்றின் நடுவே, பழுது பார்த்துப் பூசிய தோலுக்குள் இருக்கிறது.

மேலணையின் 45 மதகுகளில் 9, 2018 ஆகஸ்ட் 22 அன்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. நூற்றெண்பது ஆண்டு உழைத்த கட்டுமானம் அது.

'புது ஆறு' என்று எங்கள் ஊரில் ஓடுவது எவ்வளவு புதிது?
– வாசகர், ஒரத்தநாடு

1934. மேட்டூர் அணையோடு சேர்ந்து வெட்டிய கல்லணைக் கால்வாய்தான் அது. ஏறக்குறைய 148 கிலோமீட்டர். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி மேட்டு நிலங்கள் அதற்கு முன்பு வானம் பார்த்தவை, ஏரி பார்த்தவை. அதனால்தான் உங்கள் பக்கம் தென்னையும் நெல்லும் கலந்து இருக்கும், பழைய படுகையில் நெல் மட்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் உங்கள் பக்கத்தை அவ்வளவு முறித்ததற்கும் அந்தத் தென்னைதான் காரணம். நெல் அடுத்த பருவத்தில் எழுந்துவிடும், தென்னை எழ ஏழெட்டு ஆண்டு.

தாத்தா காலத்துப் பத்திரத்தில் 'ஒரு வேலி மூன்று மா நாற்பது குழி' என்று இருக்கிறது. ஏக்கரில் எவ்வளவு?
– வாசகர், சென்னை (சொந்த ஊர் நன்னிலம்)

தஞ்சைக் கணக்கில் ஒரு குழி 12 அடிக் கோலுக்குச் சதுரம், 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா: 14,400 சதுர அடி, அதாவது 33 சென்ட். இருபது மா ஒரு வேலி: 6 ஏக்கர் 61 சென்ட். உங்கள் பத்திரத்தில் உள்ளது 23.4 மா, 7 ஏக்கர் 73 அல்லது 74 சென்ட் வரும். பட்டாவோடு ஒத்துப் பாருங்கள்; நான்கைந்து சென்ட் வித்தியாசம் இருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள், வரப்பும் வாய்க்காலும் கணக்கில் நுழைந்திருக்கும். வட மாவட்டத்துக் குழி 576 சதுர அடி. அங்கே நூறு குழி ஒரு காணி, 1.32 ஏக்கர். சம்பந்தி வீட்டாரோடு பேசும்போது எந்தக் குழி என்று கேட்டுக்கொள்ளவும்.

மூட்டையிலும் இதே குழப்பம். படுகையில் 'மாவுக்குப் பத்து மூட்டை கண்டது' என்றால் அது இரண்டு கலம் பிடிக்கிற 60 கிலோ மூட்டை. கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. ஏக்கருக்கு 30 மூட்டை என்று வீட்டில் சொன்னது அங்கே 45 ஆகும்.

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறது. வாய்மொழிதான், தாள் எதுவும் இல்லை. இந்தக் குத்தகைச் சட்டங்கள் எப்படி வந்தன? எங்களுக்கு என்ன பாதுகாப்பு?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கே நிலம் மிராசுதார், கோயில், மடம் ஆகியோர் கையில். உழுதவர்கள் குத்தகைதாரர், வாரதாரர், அவர்களுக்கும் கீழே பண்ணையாள். பண்ணையாளுக்குக் கூலி நெல்லில், குடியிருப்பு மிராசுதார் மனையில். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். விவசாயத் தொழிலாளர் இயக்கம் கீழத்தஞ்சையில் வேர் பிடித்தது இந்த மண்ணில்தான். அதன் அழுத்தத்தில் 1952இல் தஞ்சை மாவட்டத்துக்கு மட்டும் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரரை வெளியேற்றத் தடை. 1956இல் நியாயக் குத்தகைச் சட்டம், நஞ்சையில் உடைமையாளர் பங்கு விளைச்சலில் நூற்றுக்கு 40. பின்னாளில் அது 25 ஆயிற்று. நில உச்சவரம்பு 1961இல் 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தைப் பொறுத்துக் கணக்கிடும் ஏக்கர்), 1970இல் 15.

சட்டம் வந்ததும் ஊர் மாறிவிடவில்லை. கூலி நெல்லைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்ட தகராறு முற்றி, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டார்கள். குடியிருந்த மனையைக் குடியிருந்தவருக்கே உரிமையாக்கும் சட்டம் 1971இல்தான் வந்தது.

உங்களுக்கு வேண்டியது 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம். வட்டாட்சியர் நிலையில் உள்ள பதிவு அலுவலரிடம் மனுக் கொடுத்து உங்கள் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். கோயில் நிலம் என்பதால் அறநிலையத் துறையின் செயல் அலுவலருக்கும் அறிவிப்புப் போகும். கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: கோயிலுக்குக் குத்தகை அளந்த ரசீது, கிராமப் பயிர்ப் பதிவேடான ஆண்டுவாரி அடங்கலில் சாகுபடியாளராக உங்கள் குடும்பத்தார் பெயர், கூட்டுறவுச் சங்கக் கடன் சீட்டு, கொள்முதல் நிலையச் சீட்டு. இவற்றுள் ரசீது முதன்மை. நெல்லை அளந்துவிட்டு ரசீது வாங்காமல் வருவது நம் பக்கத்தில் சகஜம். வழக்கு என்று வந்தால் 'குத்தகைப் பாக்கி' என்ற ஒரே காரணத்தில் தோற்பதும் சகஜம். பதிவு இல்லாவிட்டால் பயிர்க்கடன், காப்பீடு, வெள்ள நிவாரணம் மூன்றும் ஒவ்வோர் ஆண்டும் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலை நம்பித் தொங்கும்.

தனியார் நிலத்தில் இந்தப் பதிவு அபூர்வம். பதிவு செய்தால் எழுப்ப முடியாது என்று அஞ்சி உடைமையாளர்கள் ஒரு போகத்துக்கு மட்டும் வாய்மொழியாக விடுகிறார்கள். குத்தகைதாரரைக் காக்க வந்த சட்டம் அவரைத் தாளிலிருந்தே மறைத்துவிட்டது.

படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று அறிவித்தாயிற்றே, பின்பும் எண்ணெய்க் கிணறுகள் ஓடுகின்றனவே?
– வாசகர், மயிலாடுதுறை

2020 பிப்ரவரிச் சட்டம் புதியவற்றைத்தான் தடுக்கிறது. எண்ணெய், எரிவாயு தேடுதலும் எடுத்தலும், நிலக்கரிப் படுகை மீத்தேன், தாமிர, அலுமினிய, துத்தநாக உருக்காலை, இரும்பு ஆலை, தோல் பதனிடுதல் ஆகியவை தடைப் பட்டியலில் உள்ளன. அதற்கு முன்பே நடந்து வந்தவற்றைச் சட்டம் தொடவில்லை. எல்லை தஞ்சாவூர், திருவாரூர், அன்று உங்கள் ஊரும் சேர்ந்திருந்த நாகப்பட்டினம், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில ஒன்றியங்கள். திருச்சியும் கரூரும் உள்ளே இல்லை.

நவம்பர் மழையில் சம்பா ஐந்து நாள் மூழ்கிக் கிடந்தது. வடிந்தபின் பயிர் மஞ்சளாக நிற்கிறது. காப்பாற்ற முடியுமா? ஏன் ஒவ்வோர் ஆண்டும் இப்படி?
– வாசகர், தலைஞாயிறு

முடியும், குருத்து உயிரோடு இருந்தால். ஒரு குத்தைப் பிடுங்கித் தண்டை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக உறுதியாக இருந்தால் பிழைக்கும். பழுப்பேறிக் கொழகொழ என்று இருந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு, நன்றாக இருக்கும் குத்துகளைப் பிரித்து நடுங்கள்.

முதல் வேலை உரம் போடுவது இல்லை, வடிப்பது. தண்ணீர் நிற்கும்போது யூரியா வீசினால் அடுத்த வயல்காரருக்குப் போட்டதாகும். வேர் மூச்சு விட இரண்டு நாள் வயலை மண் தெரிய விடுங்கள். பிறகு ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். மஞ்சள் மாறாவிட்டால் 2 கிலோ யூரியாவும் 1 கிலோ சிங்க் சல்பேட்டும் 200 லிட்டர் நீரில் கரைத்து இலைவழி தெளிக்கலாம். தூர் கட்டும் பருவத்துப் பயிர் இதில் நிமிரும். கதிர் உள்ளே பொதிந்திருக்கும் தொண்டைக்கதிர்ப் பருவத்தில் மூழ்கியிருந்தால் பதர் விழுவதை எந்த உரமும் தடுக்காது.

அடுத்த ஆண்டுக்கு சி.ஆர். 1009 சப் 1 ரகத்தைக் கேட்டுப் பாருங்கள். பழைய சி.ஆர். 1009தான், இரண்டு வாரம் வரை மூழ்கலைத் தாங்கும் குணம் ஏற்றியது. 155 நாளுக்குக் குறையாத பயிர் என்பதால் ஆகஸ்டு முதல் பாதியிலேயே விதைக்க வேண்டும். தாங்குவது இளம் பயிரில் மட்டும். கதிர் வந்தபின் அதுவும் மற்றதைப் போலத்தான்.

ஏன் ஒவ்வோர் ஆண்டும்? மேலே உள்ள ஊருக்கு வடிகாலாக இருப்பதே உங்கள் ஊருக்குப் பாசன ஆறு. அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு எல்லாம் அப்படித்தான். திருவாரூரில் பெய்த மழை உங்கள் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். உங்கள் பக்கம் நிலத்துக்குச் சரிவே இல்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறி நிற்கும்போது முகத்துவாரத்தில் நீர் வெளியேறாது. மழை அந்த நாட்களில் வந்தால் ஐந்து நாள் பத்து நாளாகும். போதாக்குறைக்கு வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும். தூர்வாரும் பணி பெரும்பாலும் ஜூன் திறப்புக்கு முன்பு பாசன வாய்க்காலைப் பார்த்தே நடக்கிறது. வெங்காயத்தாமரையோ செப்டம்பருக்குள் மறுபடி மூடிவிடும். ஊரில் கேட்க வேண்டியது அக்டோபர் முதல் வாரத்தில் வடிகால் சுத்தம் செய்வதை.

காப்பீடு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு 1.5. இழப்பீடு பெரும்பாலும் உங்கள் வயலை மட்டும் பார்த்துத் தருவதில்லை. அறிவிக்கப்பட்ட கிராமத்தில் சில இடங்களில் அறுத்துப் பார்க்கும் சராசரியைப் பார்த்துத் தருகிறார்கள். பள்ளத்து வயல் முழுதும் போய் மேட்டு வயல் விளைந்திருந்தால் கணக்கில் கிராமம் தப்பித்துவிடும். அறுவடைச் சோதனை எந்தப் புல எண்ணில், எந்த நாளில் என்று முன்கூட்டிக் கேட்டு நேரில் போய் நில்லுங்கள்.

கொள்முதல் நிலையத்தில் என் நெல்லை மூன்று நாள் நிறுத்திவைத்து, 'ஈரம் நூற்றுக்கு 20 இருக்கிறது' என்று திருப்பிவிட்டார்கள். 17தான் வேண்டும் என்பது என்ன நியாயம்?
– வாசகர், அம்மாபேட்டை

17க்கு மேல் ஈரம் உள்ள நெல்லை மூட்டை கட்டி அடுக்கினால் உள்ளே சூடேறும், அரிசி மஞ்சளாகும், புழுங்கிய நாற்றம் வரும். அந்த வரம்பில் நியாயம் இருக்கிறது. அக்டோபரில் அறுக்கும் ஊருக்கும் ஏப்ரலில் அறுக்கும் ஊருக்கும் ஒரே வரம்பு என்பதில்தான் இல்லை. மழை ஆண்டுகளில் மாநிலம் கேட்டு, ஒன்றிய அரசு ஆள் அனுப்பிப் பார்த்து, தளர்வு தரும். உத்தரவு வருவதற்குள் பாதி நெல் முளைத்திருக்கும்.

இப்போது கணக்கு. 20 ஈரத்தில் உள்ள நூறு கிலோவை 17க்குக் காயவைத்தால் 96.4 கிலோ நிற்கும். 22இலிருந்து என்றால் 94. 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து குவிண்டால் விலை சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500. 22இல் இருந்து இறக்க எடையில் போவது குவிண்டாலுக்கு 150 ரூபாய் அளவு. வியாபாரி களத்திலேயே இதைவிடக் குறைத்துக் கேட்டால் காயவைப்பது லாபம், அவ்வளவுதான் முடிவு.

காயவைப்பதில் நடக்கும் தவறுகள்: அரை அடி உயரத்துக்குக் கொட்டி மேலே மட்டும் கிளறுவது. இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்பி அரை மணிக்கு ஒரு முறை காலால் கோடு போட்டுத் திருப்ப வேண்டும். இரவில் குவித்துத் தார்ப்பாய் போட்டால் விடிந்ததும் முதல் வேலையாகத் திறக்க வேண்டும், உள்ளே வியர்த்திருக்கும். பனி நேரத்தில் அறுக்கவே கூடாது. காலை பத்தரை, பதினொன்றுக்கு மேல் இயந்திரத்தை வயலில் இறக்கினாலே ஒன்றிரண்டு புள்ளி குறையும். ஈர வயலில் டயர் வண்டி புதையும், பெல்ட் வண்டிதான். வாடகை கூடுதல் என்றாலும் சேறு கலக்காது.

ஈரம் மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். கல், மண் நூற்றுக்கு 1, பதர், தூசி 1, நிறம் மாறியது, முளைத்தது, பூச்சி அரித்தது சேர்ந்து 5, முற்றாதது 3, வேறு ரகக் கலப்பு 6 இவை வரம்பு. ஈரமானியில் மூன்று இடத்து நெல்லை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓரத்துக் குவியலில் மட்டும் எடுத்தால் கூடுதலாகக் காட்டும். நிலையத்தில் நாளைக்கு 800 முதல் 1,000 மூட்டைதான் பிடிக்கிறார்கள். கட்டிய மூட்டை கிடங்குக்கு நகராவிட்டால் அதுவும் நின்றுபோகும். ஆகவே அறுக்கும் முன்பே போய், மூட்டை கிடங்குக்கு நகர்கிறதா, சாக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இயந்திரத்துக்கு முன்பணம் கொடுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல் நான்கும் ஒரே பெயரில் இருக்க வேண்டும். குத்தகைக்காரர் என்றால் அடங்கலில் உங்கள் பெயர்.

சம்பா அறுப்புக்கு முன் தெளித்த உளுந்து, அறுவடை இயந்திரம் ஓடியபின் பாதி இல்லை. அப்பா காலத்தில் இப்படி ஆனதில்லை. என்ன செய்வது?
– வாசகர், வலங்கைமான்

அப்பா காலத்தில் அரிவாள். அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, வயல் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கும் நெல்லுக்குள் விதையைத் தெளிப்பது பழைய முறை. அறுக்கும்போது உளுந்து இரண்டு இலை விட்டிருக்கும், ஆளின் கால் பட்டாலும் தாங்கும். பெல்ட் பட்டால் தாங்காது. தப்பியதையும் இயந்திரம் வரிசையாக விட்டுப்போகும் வைக்கோல் மூடிவிடும்.

இயந்திரத்துக்கு என்று நாளை மாற்றுங்கள். அறுப்புக்கு நான்கு நாள் முன்பு தெளித்தால் விதை அப்போதுதான் முளை கட்டி மண்ணோடு ஒட்டியிருக்கும், நசுங்குவது குறைவு. வழக்கமான 12 கிலோ விதையை ஏக்கருக்கு 14 ஆக்குங்கள். வண்டிக்காரரிடம் வயலுக்குள் சுற்றித் திரும்பாமல் ஓரத்தில் திரும்பச் சொல்லுங்கள், சேதம் பெரும்பாலும் திருப்பத்தில்தான். வைக்கோலை இரண்டு நாளுக்குள் கட்டு கட்டி வெளியேற்றிவிட வேண்டும். கட்டும் வண்டி வர ஒரு வாரம் ஆகும் என்றால் ஆள் விட்டு வரப்புக்கு இழுத்துவிடுங்கள்.

நெல் அறுத்த தரிசுக்கென்றே வந்த ஆடுதுறை 3 உளுந்து நன்றாகக் கிளைக்கும், ஆனால் மஞ்சள் தேமல் நோயில் மாட்டும். போன ஆண்டு தேமல் கண்ட வயலுக்கு வம்பன் 8 போடுங்கள். மஞ்சள் புள்ளி விழுந்த செடியை முதல் இருபது நாளில் பிடுங்கிவிட வேண்டும், பிறகு பிடுங்கிப் பயனில்லை. தை நடுவிலிருந்து மாசி தொடக்கத்துக்குள் தெளித்துவிடுங்கள். அதற்குப் பின் பனியும் இல்லை, பூ வெயிலில் கொட்டும்.

உரம் மண்ணில் போட வழியில்லை என்பதால் இலைவழிதான். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் மாலை பத்துப் பதினைந்து லிட்டர் நீரில் ஊறவைத்து, மறுநாள் கலக்காமல் தெளிவை மட்டும் இறுத்து வடிகட்டி 200 லிட்டராக்கிப் பூக்கும்போது ஒரு முறை, பதினைந்து நாள் கழித்து ஒரு முறை. வண்டலோடு ஊற்றினால் தெளிப்பான் மூக்கு அடைக்கும். மாலை நேரம் நல்லது. உச்சி வெயிலில் தெளித்தால் இலை ஓரம் கருகும்.